கண்ணாடி விற்க மறுத்த கண்ணாடிக் கடை

திருச்சி உறையூரில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை இருக்கிறது. முன்பக்கம் பத்தடி அகலம்கூட இருக்காது. சென்ற ஆகஸ்டில் புதுக் கண்ணாடி வாங்குவதற்காகக் கையில் பணத்தோடு அங்கே போனேன். கடையை நடத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி அளவு சொல்லப் படித்தவர்) முக்கால் மணி நேரம் என் கண்ணைச் சோதித்துவிட்டு, "இன்றைக்கு உங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தர மாட்டேன் அம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரும் தன் பெயரும் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

எனக்கு வயது 51. மெய்ப்புப் பார்ப்பது தொழில். கோயில் மலர், ஆய்வேடு, பள்ளித் துணைநூல், கல்யாணப் பத்திரிகை என்று அச்சுக்குப் போகும் எதையும் 26 ஆண்டுகளாகப் படித்துத் திருத்துகிறேன். தமிழில் இந்த வேலை செய்கிறவருக்குக் கண் பார்வை என்பது கடைசியில் புள்ளிதான். 'கல்' என்பதற்கும் 'கல' என்பதற்கும் நடுவே நிற்பது ஒரு புள்ளி. பத்துப் பாயிண்ட் எழுத்தில் அது ஊசி முனை அளவுதான் இருக்கும். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றி அச்சடித்திருந்தால் அதைப் பிடிக்க வேண்டும். ஒற்று மிகுந்ததா, விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். போன பிப்ரவரி கடைசியில் எனக்கு அந்தப் புள்ளிகள் காணாமல் போகத் தொடங்கின. 45 வயதிலிருந்து வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடுகிறேன். அந்தக் கண்ணாடியோடு தாளை வழக்கமான தூரத்தில் வைத்தால் வரிகள் மங்கின; இன்னும் அருகே கொண்டுவந்தால் தெளிந்தன. பஸ்ஸின் எண் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் வேறொரு கடைக்குத்தான் போனேன். பெரிய கடை, குளிர்சாதன வசதி, வாசலில் "இலவசக் கண் பரிசோதனை" என்று பதாகை. ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தார்கள். உள்ளே ஒரு நீண்ட சாலை, அதன் முடிவில் ஒரு வண்ண பலூன். பலூன் மங்கிமங்கித் தெளிந்தது. இயந்திரம் ஒரு சீட்டை அச்சடித்துத் தள்ளியது. அவ்வளவுதான் பரிசோதனை. தூரத்துக்கு மைனஸ் 0.75 வந்திருக்கிறது என்றார்கள். தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே வில்லை என்று சொல்லி 11,400 ரூபாய்க்கு ஒரு புரோகிரசிவ் கண்ணாடி தந்தார்கள். அது மார்ச்சில்.

மே மாதம் தூரம் மறுபடி மங்கியது. அதே கடையில் மைனஸ் 1.50 என்றார்கள். வில்லையை மாற்ற மீண்டும் பணம். ஜூலையில் அந்தக் கண்ணாடி தலைவலி கொடுத்தது. போனால் மைனஸ் 1.00 என்று மூன்றாவது சீட்டு. "உங்களுக்கு இன்னும் பழகவில்லை" என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் என்ன படித்தவர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எனக்கு எழவில்லை. கண்ணைச் சோதிக்கிற எவரையும் நாம் 'கண் டாக்டர்' என்றே அழைத்துப் பழகிவிட்டோம்.

ஜூலை கடைசியில் ஒரு காலையில் இன்னொன்று நடந்தது. கண்ணாடி போடாமலே செய்தித்தாள் படித்தேன். வரி விளம்பரம் வரைக்கும் தெரிந்தது. வெள்ளெழுத்து தானாகவே போய்விட்டது, கீரை சாப்பிட்டதன் பலன் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தெருமுனையில் நிற்கிறவர் யார் என்று தெரியவில்லை. இதைக் கேட்ட அச்சகத்துப் பெண் ஒருவர்தான் உறையூர்க் கடையைச் சொன்னார்.

கதவில் ஒரு சின்னப் பலகை. அவருடைய பெயர், நான்காண்டுப் பட்டம், அதன் கீழே ஒரு வரி: "கண் மருத்துவர் அல்லர்." முதலில் என் கண்ணில் பட்டது 'அல்லர்' என்ற சொல். நூற்றுக்குத் தொண்ணூறு பலகைகளில் 'அல்ல' என்றுதான் இருக்கும். சொல்லைச் சரியாகப் போட்டவர் வேலையையும் சரியாகச் செய்வார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. அதைவிடப் பெரிய விஷயம், தான் யார் அல்லர் என்பதைக் கதவிலேயே எழுதிவைத்திருக்கும் ஒரு கடையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க பெண். இயந்திரத்தின் அருகே அழைக்கவில்லை. முதலில் உட்காரவைத்துப் பேசினார். என்ன வேலை, தாளை எவ்வளவு தூரத்தில் வைப்பீர்கள், விளக்கு எந்தப் பக்கம், வீட்டில் யாருக்காவது கண்ணில் நீர் அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பழைய சீட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூன்றையும் வாங்கி மேசையில் தேதி வாரியாக அடுக்கினார். சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விளக்கை அணைத்தார். டார்ச் போன்ற ஒரு கருவியின் ஒளிக்கீற்றை என் கண்ணின் மேல் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக நகர்த்தி, ஒவ்வொரு வில்லையாகக் கண் முன்னால் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ரெட்டினாஸ்கோப் என்றார். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே அவருக்கு என் கண்ணின் அளவு கிடைத்துவிட்டது. அதன் பின் கனமான சோதனைச் சட்டத்தை மூக்கின் மேல் ஏற்றி, வட்ட வில்லைகளைச் செருகி, "இது தெளிவா, இதுவா? இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அதையும் சொல்லலாம்" என்று கேட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் எனக்கு முன்பு சொன்னதில்லை. பெரிய கடையில் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

வலக்கண் மைனஸ் 1.75. இடக்கண் மைனஸ் 1.50. அதைத் தன் தாளில் எழுதி, என் மூன்று சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஐந்து மாதம், நான்கு தாள், நான்கு அளவு.

"இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் அம்மா?"

நான் புரியாமல் பார்த்தேன். தண்ணீர் தாகம் அதிகமா, எடை குறைந்ததா என்று அடுத்தடுத்துக் கேட்டார். மூன்றும் உண்டு. இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்தேன். வெயில் காலம், நிறையத் தண்ணீர் குடிக்கிறேன் என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அவர் விளக்கியதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். இரத்தத்தில் சர்க்கரை மிக உயர்ந்தால் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை நீரை இழுத்துப் பருத்துவிடும். பருத்த வில்லை தூரப் பார்வையை மங்கச் செய்யும். கிட்டத்தில் இருப்பதைக் கண்ணாடி இல்லாமலே காட்டும். சர்க்கரை ஏறி இறங்க, அளவும் ஏறி இறங்கும். வெள்ளெழுத்து போனதுபோல் தோன்றியது அதனால் இருக்கலாம். "இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இது இன்ன நோய் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். இந்த நிலையில் நான் எந்த அளவில் கண்ணாடி போட்டாலும் அடுத்த மாதம் அது உங்களுக்கு உதவாது."

கண் எரிகிறது, அதற்காவது ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார். மருந்துச் சீட்டு எழுதுவது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை, என்னுடையது அன்று என்றார். கண்ணின் பாவையை விரித்து விழித்திரையை முழுக்கப் பார்க்க வேண்டும், அதையும் இங்கே செய்யப் போவதில்லை என்றார். முன்பு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது மருத்துவரின் பொறுப்பின் கீழ் தினமும் பலருக்கு அந்தச் சொட்டு விட்டிருக்கிறாராம். மருத்துவர் இல்லாத தன் கடையில் விடுவதில்லை என்பது அவராக வகுத்துக்கொண்ட விதி. இரண்டு கடிதங்கள் எழுதினார்: ஒன்று பொது மருத்துவருக்கு, இன்னொன்று கண் மருத்துவருக்கு. கண்டதை மட்டும் எழுதியிருந்தார். நான்கு அளவுகளும் தேதியோடு இருந்தன. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை நான் முழுமனதோடு கொடுத்தேன். பரிசோதனை இலவசமாக இருக்கிற இடத்தில் கண்ணாடி விற்றால்தான் கடைக்கு வருமானம். அங்கே 'இன்று வேண்டாம்' என்ற சொல் எப்படி வரும்?

அன்று மாலை இரத்தப் பரிசோதனை. 342. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2. கண் மருத்துவர் பாவையை விரித்துப் பார்த்து, வலக்கண் விழித்திரையில் சில இரத்தப் புள்ளிகள் இருப்பதாகவும், தொடக்க நிலைதான் என்றும், சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஆறு மாதத்தில் வரும்படியும் சொன்னார். புள்ளிகளைத் தேடியே பிழைத்தவளுக்கு அந்தச் சொல் உள்ளே எங்கோ குத்தியது. விரித்த கண்ணோடு வெளியே வந்து வெயிலில் நின்றபோது, மார்ச்சிலேயே யாராவது இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய் என்று கேட்டிருந்தால் என்று நினைத்தேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நம் நாட்டில் நெடுங்காலம் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கென்று நாடு முழுமைக்குமான சட்டப் பதிவேடு கிடையாது. மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர் எல்லோருக்கும் இருந்தது, இவர்களுக்கு இல்லை. நான்காண்டு படித்தவரும், ஆறு மாதம் கடையில் நின்று இயந்திரத்தை இயக்கக் கற்றவரும் ஒரே பெயரைப் போட்டுக்கொள்ள முடிந்தது. இத்தனைக்கும் இந்தப் படிப்பில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெருமை உண்டு. சங்கர நேத்ராலயா 1985ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஆப்டோமெட்ரிக்கென்று கல்லூரி தொடங்கிவிட்டது.

2021ஆம் ஆண்டில்தான் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள். இயன்முறை மருத்துவம், உணவியல் போன்றவற்றோடு கண் அறிவியலும் ஒரு பிரிவு, அதற்குள் ஆப்டோமெட்ரிஸ்ட். சட்டம் இரண்டு வகையினரைப் பிரிக்கிறது. 'துணைநிலைத் தொழில்முறையாளர்' என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில். 'சுகாதாரத் தொழில்முறையாளர்' என்றால் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகளில். மத்தியிலும் மாநிலத்திலும் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். யாரிடம் கண்ணைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டியலாவது வேண்டாமா?

ஆனால் எழுத்தெண்ணிப் படிப்பவள் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட் எந்த வேலை வரை செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைச் சட்டத்தின் வாசகம் உருப்படி உருப்படியாகச் சொல்லவில்லை. பாவையை விரிக்கும் சொட்டு விடலாமா? கண்ணில் விழுந்த தூசியை எடுக்கலாமா? எல்லாம் பின்னால் வகுக்கும் தரங்களுக்கு விடப்பட்டிருக்கிறது. மருந்தின் பக்கம் கோடு தெளிவாக இருக்கிறது: மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ளவற்றைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஸ்டீராய்டு சொட்டுகளை நினைத்தால் அந்தக் கோட்டின் அருமை தெரியும். கண் சிவந்தால் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்பவர்களை நான் அறிவேன். அது கண்ணின் நீர் அழுத்தத்தை உயர்த்தி நரம்பையே கெடுக்கக்கூடியது.

என் தம்பி கிளாஸ்கோவில் இருக்கிறான். ஸ்காட்லாந்தில் 2006 ஏப்ரல் முதல் கண் பரிசோதனைக்கு அரசே பணம் கொடுக்கிறது. கண் சிவந்தபோது அவன் போனது தெருமுனையில் இருந்த ஆப்டோமெட்ரிஸ்டிடம். அவரே பார்த்து, அவரே மருந்தும் எழுதிக் கொடுத்தாராம். உறையூர்ப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். பிரிட்டனில் பட்டத்துக்கு மேலே தனிப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்கு 2008 முதல் அந்த உரிமை உண்டு என்றார். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓக்லஹோமாவில் 1998 முதல் சில லேசர் சிகிச்சைகளைக்கூட அவர்கள் செய்யலாம் என்றார். உங்களுக்கும் அப்படி உரிமை வேண்டுமா என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடித் துணியை மடித்துக்கொண்டே, "முதலில் எனக்கு இருக்கிற எல்லையை யாராவது எழுதித் தந்தால் போதும் அம்மா. இப்போது நானாகத்தான் கோடு போட்டுக்கொள்கிறேன். இன்னொருவர் வேறு இடத்தில் போட்டுக்கொள்வார்" என்றார்.

எனக்கும் அதுதான் கருத்து. பயிற்சி கொடுத்தால் நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்னும் பல வேலைகளைத் திறமையாகச் செய்வார்கள். கண் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பதிவேடு நிறைந்து, எல்லை எழுத்தில் வந்த பிறகு அதை விரிக்கட்டும். அதுவரை ஒருவரின் மனச்சாட்சியை நம்பித்தான் நாம் நாற்காலியில் உட்காருகிறோம்.

மறுபடி கடைக்கு வருகிறேன். சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய இரண்டாம் வாரம் பார்வை எதிர்ப்பக்கம் புரண்டது. தூரம் பளிச்சென்றது, கிட்டத்தில் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. அவர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் மருந்தை நிறுத்தியிருப்பேன். "சர்க்கரை இறங்கும்போது இப்படி ஆகும், பயந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாரங்களில் வேலையைச் சமாளிக்க ஒரு கை உருப்பெருக்கியை இரவல் கொடுத்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை. அக்டோபரில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார். இரண்டு முறையும் ஒரே அளவு. தூரத்துக்கு ஒன்றும் வேண்டாம், கிட்டத்துக்கு பிளஸ் 1.75. அதன் பிறகுதான் கண்ணாடிச் சட்டங்களின் தட்டை வெளியே எடுத்தார்.

அப்போதும் புரோகிரசிவ் வேண்டாம் என்றார். என் மெய்ப்புத் தாளையே கொண்டுவரச் செய்து, வேலை செய்வதுபோல் உட்காரச் சொல்லி, கண்ணிலிருந்து தாள் வரை டேப் பிடித்தார்: 45 செ.மீ. வரி முழுவதையும் தலையைத் திருப்பாமல் படிக்க வேண்டியவருக்கு முழு வில்லையும் ஒரே அளவில் இருப்பதுதான் நல்லது என்றார். சட்டமும் வில்லையும் சேர்த்து 1,900 ரூபாய். பெரிய கடையில் கொடுத்த பணத்தை இப்போது நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

குறைகளும் உண்டு. சட்டங்கள் எண்பதோ தொண்ணூறோதான் இருக்கும். இளம் வயதினருக்குப் பிடித்த வடிவங்கள் குறைவு. கண்ணாடி வர ஒன்பது நாள் ஆனது. முதலில் வந்ததில் வலப்பக்கக் காது வளைவு அழுத்தியது. கொண்டுபோனதும் சூடு காட்டிச் சரிசெய்தார். வாசலில் மூன்று படிகள் உயரமாக இருக்கின்றன, பிடிமானம் இல்லை. பார்வை மங்கியவர்களும் முதியவர்களும் வருகிற இடத்தில் ஒரு கைப்பிடி அவசியம். சொல்லியிருக்கிறேன், போடுவதாகச் சொன்னார், இன்னும் போடவில்லை. ஞாயிறு விடுமுறை. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆவதால் முன்பதிவு இல்லாமல் போனால் காத்திருக்க நேரும். குழந்தைகளை அழைத்துச் செல்வதென்றால் காலையில் போங்கள்; மாலையில் அவர்கள் களைத்துவிடுவார்கள், அளவு சரியாக வராது என்கிறார்.

கண்ணாடி வாங்கிய அன்று கடையிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். ஒரு கோயில் மலரின் 34ஆம் பக்கம். ஏழாவது வரியில் 'வந்தன்' என்று இருந்தது. 'வந்தன' என்று இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் ஒரு புள்ளி. பேனாவை எடுத்துச் சுழித்தேன். அவர் எட்டிப் பார்த்து, "எங்கே?" என்று கேட்டார். காட்டினேன். அவருக்குத் தெரிய சற்று நேரம் ஆனது.

பிப்ரவரியில் மீண்டும் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியைச் சின்னத் தாளில் எழுதி, என் கண்ணாடிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.